வேலையை விடாமல் இணையவழியில் சைபர் செக்யூரிட்டி முதுகலை: எங்கே சேர்வது, எப்படி முடிப்பது?

கேள்வி
எழுதியவர்: கங்கைகொண்டான் ஷிப்ட்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 32. பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்தவன். எட்டு ஆண்டுகளாகத் திருநெல்வேலி மாவட்டத்துக் கங்கைகொண்டான் பக்கம் ஒரு நிறுவனத்தில் நெட்வொர்க் பிரிவில் வேலை பார்க்கிறேன். வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலுக்கு விதிகளை எழுதுவது, கிளை அலுவலகங்களுக்கு வி.பி.என். என்ற பாதுகாப்பான இணைப்புக் கொடுப்பது, இரவு ஷிப்டில் எங்காவது ஒரு சர்வர் நின்றுபோனால் எழுந்து உட்கார்ந்து பார்ப்பது, இவைதாம் என் அன்றாட வேலை. சென்ற ஆண்டு எங்கள் நிறுவனத்தில் பாதுகாப்புக்கென்று தனிக் குழு ஒன்றைத் தொடங்கினார்கள். அந்தக் குழுவின் வேலையில் பாதியை நான் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தும், முதுகலைப் பட்டம் இல்லை என்ற ஒரே காரணத்தால் என் விண்ணப்பம் முதல் சல்லடையிலேயே நின்றுவிட்டது. அந்த வருத்தத்தில்தான் படிப்பைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்த் தங்கிப் படிக்கும் நிலையில் நான் இல்லை. வீட்டுக்கடன் இன்னும் பதினோர் ஆண்டு பாக்கி இருக்கிறது. மகளை இந்த ஆண்டுதான் எல்.கே.ஜி.யில் சேர்த்திருக்கிறோம், அப்பாவை மாதம் இருமுறை ஹைகிரவுண்டு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே இணையவழியில் படிப்பது ஒன்றே எனக்கு வழி. தனியார் பல்கலைக்கழகம் ஒன்றின் சைபர் செக்யூரிட்டி சிறப்புப் பாடத்துடன் கூடிய எம்.சி.ஏ., ஐ.ஐ.டி. கான்பூர் பணியில் இருப்போருக்காக நடத்தும் சைபர் செக்யூரிட்டி இ-மாஸ்டர்ஸ், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் இணையவழிப் பட்டம் என்று மூன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். விளம்பரம் பார்த்து ஒருமுறை எண்ணைக் கொடுத்ததன் பலனாக, நாள்தோறும் நான்கு பேர் அழைத்து "இன்றே சேர்ந்தால் தள்ளுபடி" என்கிறார்கள். அவர்களிடம் கேட்க முடியாத கேள்விகளை இங்கே கேட்கிறேன். இணையவழிப் பட்டத்தை நேரடிப் பட்டத்துக்குச் சமமாக மதிப்பார்களா? கையால் செய்து பழக வேண்டிய இந்தப் பாடத்தை வீட்டிலிருந்து எப்படிப் பழகுவது? மாதத்தில் ஒரு வாரம் இரவு ஷிப்ட் இருப்பவனால் இதை முடிக்க முடியுமா? நம் ஊர்ப்பக்கத்தில் முடித்தவர்கள் யாரேனும் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

பதில் 1
எழுதியவர்: மீனாட்சிபுரம் ஆற்றோரம்

நான் உங்களைவிட ஐந்தாறு வயது மூத்தவள் என்பதால் தம்பி என்றே எழுதுகிறேன். நிதி நிறுவனம் ஒன்றின் கணினிப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே, இணையவழி எம்.சி.ஏ.வைச் சைபர் செக்யூரிட்டிச் சிறப்புப் பாடத்துடன் முடித்தவள் நான். இரண்டு ஆண்டில் முடிய வேண்டிய படிப்பு எனக்கு இரண்டரை ஆண்டு ஆயிற்று.

முதலில் பட்டத்தின் மதிப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் இணையவழியிலும் தொலைநிலையிலும் வழங்கும் பட்டங்கள் நேரடிப் பட்டங்களுக்குச் சமமானவை என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யூ.ஜி.சி. 2022 செப்டம்பரில் வெளிப்படையாக அறிவித்துவிட்டது. ஆனால் "அங்கீகாரம் பெற்ற" என்ற அந்த இரண்டு சொற்களில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருக்கிறது என்பதால் அது நடத்தும் எல்லாப் படிப்புக்கும் அனுமதி இருக்கிறது என்று பொருள் இல்லை. எந்தப் படிப்புக்கு எந்தக் கல்வியாண்டுக்கு அனுமதி என்பதை யூ.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தன் தளத்தில் தனித்தனியாக வெளியிடுகிறது. அதில் உங்கள் படிப்பின் பெயர் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். 2024 முதல் மாணவரே தம் பெயரில் அந்தப் பிரிவின் டெப் (DEB) அடையாள எண் எடுத்துத்தான் இத்தகைய படிப்புகளில் சேர முடியும்; அதை எடுப்பதற்கு, படிப்பில் பெறும் கிரெடிட்களைச் சேர்த்துவைக்கும் அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் கணக்கு வேண்டும். இதைப் பற்றி ஒன்றும் பேசாமல் பணத்தை மட்டும் கேட்பவரிடம் நீங்களும் பேச வேண்டாம். இன்னொன்று, யூ.ஜி.சி.யின் 2020ஆம் ஆண்டு விதிகளின்கீழ்ப் பொறியியல் பட்டங்களை இணையவழியில் நடத்த அனுமதி இல்லை. எம்.சி.ஏ., எம்.எஸ்சி. போன்றவையே அந்தப் பட்டியலில் வரும் என்பதால், "இணையவழி எம்.டெக்." என்று யாராவது சொன்னால் எந்தச் சட்டத்தின்கீழ் அதைக் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். ஐ.ஐ.டி.களுக்குத் தனிச் சட்டம் இருப்பதால் அவற்றின் கதை வேறு. கான்பூரின் படிப்புக்கு, பொறியியல் முதுகலைச் சேர்க்கைக்கான கேட் தேர்வு தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் நான்காண்டு இளநிலைப் பட்டத்தையோ முதுகலையையோ எதிர்பார்க்கும் படிப்புகள் பல உண்டு. உங்களுடையது மூன்றாண்டு பி.எஸ்சி. என்பதால், கட்டணத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தகுதிப் பகுதியை வரிவரியாகப் படித்துவிடுங்கள்.

அடுத்து ஆய்வகம். என் பல்கலைக்கழகத்தில் ஆய்வக வகுப்பு என்பது, பேராசிரியர் தம் கணினியில் சொடுக்கிக்கொண்டே போக, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் பதிவு செய்த காணொளியாகத்தான் இருந்தது. நீச்சலைக் கரையில் உட்கார்ந்து கற்றதுபோல் முதல் செமஸ்டர் போயிற்று. பிறகு நானே வீட்டில் ஓர் ஆய்வகம் அமைத்துக்கொண்டேன். 16 ஜி.பி. நினைவகம் உள்ள பழைய லேப்டாப் ஒன்றை வாங்கி, ஒரே கணினிக்குள் பல கணினிகளை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளை அதில் நிறுவி, ஒரு பக்கம் பாதுகாப்புச் சோதனைக் கருவிகளோடு வரும் காலி (Kali) லினக்ஸ், இன்னொரு பக்கம் வேண்டுமென்றே ஓட்டைகளோடு உருவாக்கப்பட்ட மெட்டாஸ்பிளாய்டபிள், மூன்றாவதாக 180 நாள் இலவச மதிப்பீட்டுப் பதிப்பில் கிடைக்கும் விண்டோஸ் சர்வர் என்று மூன்று மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டினேன். அவற்றுக்குள் மட்டும் ஓடும் தனி நெட்வொர்க்கை அமைத்து, வீட்டு வைஃபையோடு சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓட்டை உள்ள இயந்திரத்தை வெளியே திறந்து வைப்பது வாசலைத் திறந்துபோட்டுவிட்டுக் குற்றால சீசனுக்குப் போவதற்குச் சமம். இணையத் தளங்களின் பாதுகாப்புக்கு போர்ட்ஸ்விக்கர் நிறுவனம் இலவசமாகவே நடத்தும் வெப் செக்யூரிட்டி அகாடமி ஒன்றே பாதி செமஸ்டரின் வேலையைச் செய்துவிடும்.

நேரத்தைப் பொறுத்தவரை, வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறைந்து நான் எதையும் உருப்படியாகச் செய்ததில்லை. காலை நாலரை முதல் ஆறரை வரை என் நேரம். அதற்குப் பிறகு வீடு விழித்துக்கொள்ளும். உங்களுக்கு இரவு ஷிப்ட் வரும் வாரத்தில் புதிய பாடம் எதையும் தொடாமல், முன்பு பார்த்ததை மறுபடி கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான் அரைத் தூக்கத்தில் செய்த அசைன்மெண்ட்களை எல்லாம் பிறகு திரும்பவும் செய்ய வேண்டி வந்தது.

அந்த அரை ஆண்டுத் தாமதத்துக்குக் காரணம் வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது எனக்குச் செமஸ்டர்த் தேர்வு வாரம். எங்கள் தெருவில் மூன்று நாள் மின்சாரமும் இல்லை, கைப்பேசிச் சிக்னலும் இல்லை. கேமராவின் முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டிய தேர்வை எப்படி எழுதுவது? மாற்றுத் தேதி தந்தார்கள் என்றாலும், அந்தத் தேதி அடுத்த செமஸ்டரோடு சேர்ந்து வந்தது. சேர்வதற்கு முன்னால் "இடர் வந்தால் மறுதேர்வு எப்போது?" என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தாமிரபரணிக் கரையில் இருப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது.

கடைசியாக, எனக்குப் படிப்பு உண்மையாகப் பயன்பட்ட இடம் ஆய்வுத் திட்டம். கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் இந்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி, நிறுவனங்கள் தம் கணினிகளில் நடப்பதைக் குறித்துவைக்கும் லாக் பதிவுகளை 180 நாள் பாதுகாக்க வேண்டும். பட்டியலிட்ட சம்பவங்களை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். எல்லாக் கணினிகளின் கடிகாரமும் அரசு நேரச் சர்வர்களோடு ஒத்துப்போக வேண்டும். எங்கள் அலுவலகத்தில் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்பதையே ஆய்வாக எடுத்துக்கொள்ள மேலாளரிடம் அனுமதி வாங்கினேன். வாஸூ என்ற திறந்தமூல மென்பொருளைக் கொண்டு லாக்குகளை ஓரிடத்தில் சேர்த்துப் பார்த்தபோது, இரண்டு கிளைகளின் ஃபயர்வால் கடிகாரங்களுக்கு இடையே ஏழு நிமிட வித்தியாசம் இருந்தது. ஒரு கிளையில் நுழைந்தவன் மறுகிளைக்கு எப்போது போனான் என்று கேட்டால், எங்கள் பதிவுகளின்படி அவன் புறப்படுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருப்பான்! ஒரு வரி அமைப்பை மாற்றிச் சரிசெய்தோம். பதவி உயர்வுக்கான நேர்காணலில் பட்டத்தைப் பற்றி ஒரு கேள்வியும், இந்த ஏழு நிமிடத்தைப் பற்றி இருபது நிமிடக் கேள்விகளும் கேட்டார்கள்.

பதில் 2
எழுதியவர்: ஓசூருக்குப் போன நெல்லையான்

பட்டத்துக்காக இரண்டு ஆண்டையும் இரண்டு லட்சத்தையும் செலவழிப்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். தொடக்கநிலைக்கு காம்டியா நிறுவனத்தின் செக்யூரிட்டி பிளஸ் சான்றிதழ்த் தேர்வு இருக்கிறது. 90 நிமிடத்தில் அதிகபட்சம் 90 கேள்விகள். ஊடுருவல் சோதனை, அதாவது அனுமதியோடு தாக்கிப் பார்த்து ஓட்டைகளைக் கண்டுபிடிக்கும் வேலை, செய்ய ஆசை என்றால் அதற்கான ஓ.எஸ்.சி.பி. சான்றிதழ்த் தேர்வு 23 மணி 45 நிமிடம் நடக்கும், அதற்குமேல் அறிக்கை எழுத ஒரு நாள் தருவார்கள். அதில் தேறியவனிடம் யாரும் எம்.சி.ஏ. எங்கே என்று கேட்பதில்லை. அனுபவம் உள்ளவர்களுக்கான சி.ஐ.எஸ்.எஸ்.பி. சான்றிதழுக்குத் தகவல் பாதுகாப்பின் எட்டுத் துறைகளில் குறைந்தது இரண்டில் ஐந்தாண்டு அனுபவம் வேண்டும், பட்டம் அதில் ஓராண்டை மட்டுமே குறைக்கும். உங்கள் ஃபயர்வால், வி.பி.என். வேலை நெட்வொர்க் பாதுகாப்பு என்ற துறையிலும், பயனர்களுக்கு அனுமதி கொடுத்து நீக்கும் வேலை இருந்தால் அது இன்னொரு துறையிலும் சேரும். எட்டு ஆண்டு அனுபவத்தை மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் ஏன் முதல் வகுப்பிலிருந்து தொடங்க வேண்டும்?

பதில் 3
எழுதியவர்: பணகுடிக் காற்று

ஓசூர் நண்பர் சொல்வதில் பாதி சரி. ஆனால் கேள்வி கேட்டவரின் விண்ணப்பம் திறமைக் குறைவால் நிற்கவில்லை, பட்டம் என்ற கட்டத்தில் நின்றிருக்கிறது. அந்தக் கட்டத்தைச் சான்றிதழால் நிரப்ப முடியுமா என்று அவருடைய மனிதவளப் பிரிவிடம் கேட்காமல் நாம் முடிவு சொல்ல முடியாது.

நான் காற்றாலைத் துணைமின் நிலையங்களின் கட்டுப்பாட்டுக் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன். அமெரிக்காவின் அட்லாண்டாவில் உள்ள ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் 2019இல் தொடங்கிய இணையவழி சைபர் செக்யூரிட்டி முதுகலையில் இப்போது ஆறாவது பாடம் படிக்கிறேன். தகவல் பாதுகாப்பு, கொள்கை, இயந்திரங்களோடு இணைந்த கட்டுப்பாட்டு அமைப்புகள் என்று மூன்று பிரிவுகள் உண்டு. என் தொழிலுக்கு மூன்றாவது பொருந்தியது. தொடங்கியபோது மொத்தக் கட்டணம் 10,000 டாலருக்கும் குறைவு என்றே அறிவித்தார்கள். ஒரு செமஸ்டருக்கு ஒரு பாடம் என்று எடுத்தால் ரூபாய்ச் சுமையும் பிரிந்துவிடும், முடிக்க ஆறு ஆண்டு அவகாசமும் உண்டு. அசைன்மெண்டுக்குக் கெடுவான அட்லாண்டாவின் ஞாயிறு நள்ளிரவு என்பது நமக்குக் கோடையில் திங்கள் காலை ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை. வார இறுதி முழுவதும் கையில் இருப்பதுபோல் தோன்றும். திங்கள் காலை அலுவலக வண்டியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து அசைன்மெண்டைச் சமர்ப்பித்த அனுபவம் எனக்கு உண்டு, அதைப் பரிந்துரைக்கமாட்டேன். பிற்காலத்தில் அரசு வேலையோ கல்லூரிப் பணியோ எண்ணத்தில் இருந்தால், வெளிநாட்டு இணையவழிப் பட்டத்துக்குச் சமன்நிலைச் சான்று கிடைக்குமா என்பதை எழுத்தில் கேட்டுக்கொண்ட பிறகே பணம் கட்டுங்கள். எனக்கு அந்த எண்ணம் இல்லை.

நான் இந்தப் பிரிவுக்கு வந்ததற்கு நம் மாவட்டத்திலேயே காரணம் இருக்கிறது. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினி ஒன்றில் தீநிரல் புகுந்திருக்கிறது என்று 2019 செப்டம்பர் 4 அன்று செர்ட்-இன் தெரிவித்தது. செய்தி வெளியில் பரவியபோது முதலில் மறுப்பு வந்தது; மறுநாள், அக்டோபர் 30 அன்று, இந்திய அணுமின் கழகமே அதை ஒப்புக்கொண்டது. அந்தக் கணினி நிர்வாக வேலைகளுக்கான, இணையத்தோடு சேர்ந்த நெட்வொர்க்கில் இருந்தது என்றும், உலையை இயக்கும் அமைப்புகள் தனியே பிரிக்கப்பட்டிருந்ததால் அவை பாதிக்கப்படவில்லை என்றும் விளக்கினார்கள். எங்கள் வீட்டிலிருந்து கூடங்குளம் வெகுதூரம் இல்லை. அன்று டீக்கடையில் உலை வெடித்துவிடுமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நானோ எங்கள் துணைமின் நிலையத்தில் அலுவலக நெட்வொர்க்கும் கட்டுப்பாட்டு நெட்வொர்க்கும் உண்மையிலேயே பிரிந்திருக்கின்றனவா, அல்லது வரைபடத்தில் மட்டும் பிரிந்திருக்கின்றனவா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். போய்ப் பார்த்ததில், பராமரிப்புக்கு வருபவர்களின் லேப்டாப் இரண்டு பக்கமும் போய் வந்துகொண்டிருந்தது. கோடு போட்டுப் பிரித்துவிட்டோம் என்று நாங்கள் நிம்மதியாக இருந்திருக்கிறோம். படிப்பில் சேர்ந்த பிறகுதான் இதற்கெல்லாம் முறையான சொற்களும் வழிமுறைகளும் இருப்பது தெரிந்தது.

ஆகவே கங்கைகொண்டான் நண்பருக்கு நான் சொல்வது இது: எந்தப் பட்டம் பெரியது என்று பார்ப்பதைவிட, எந்தப் பாடத்திட்டம் நீங்கள் தினமும் தொடும் சாதனங்களைப் பற்றிப் பேசுகிறது என்று பாருங்கள். களைத்துப்போன இரவில் புத்தகத்தைத் திறக்க வைப்பது அந்த நெருக்கம்தான்.

பதில் 4
எழுதியவர்: பேட்டை அண்ணாச்சி

மேலே எழுதியவர்கள் எல்லாரும் அனுபவித்து எழுதியிருக்கிறார்கள். ஆற்றோரத்துத் தங்கச்சி போகிறபோக்கில் "மேலாளரிடம் அனுமதி வாங்கினேன்" என்று எழுதிய அந்த ஒரு வரியைத்தான் நான் அடிக்கோடிட விரும்புகிறேன்.

வேலை பார்த்துக்கொண்டே படிப்பவனுக்கு அலுவலகமே பெரிய ஆய்வகம் என்ற எண்ணம் தானாக வரும். எனக்குத் தெரிந்த பையன் ஒருவன், ஞாயிற்றுக்கிழமை அசைன்மெண்டுக்காகத் தன் நிறுவனத்தின் சர்வரை வீட்டிலிருந்து ஸ்கேன் செய்தான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கண்டுபிடித்த குறையைத் திங்கட்கிழமை அவனே போய்ச் சொல்லவும் செய்தான். பாராட்டுக் கிடைக்கும் என்று போனவனுக்கு மெமோ கிடைத்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கணினியை அணுகுவதைப் பற்றிப் பேசுகிறது. அதையே நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். நோக்கம் நல்லது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பை ஏன் நம் தலையில் தூக்கிக்கொள்ள வேண்டும்? எந்த ஐ.பி. முகவரிகள், எந்த நாள், எந்த நேரம், எந்தக் கருவி என்று ஒரு பக்கம் எழுதி, அதிகாரம் உள்ளவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டுச் செய்யுங்கள் தம்பி. வாய்மொழியாக "பார்த்துக்கோ" என்று சொன்னவர் பிரச்சினை வந்த பிறகு அதை மறந்துவிடுவார். தொழிலிலும் ஊடுருவல் சோதனை செய்பவர்கள் இந்தத் தாள் இல்லாமல் கை வைக்கமாட்டார்கள். ஆகவே இதுவும் பாடத்தில் ஒரு பகுதிதான்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பார்கள். லட்சங்களைக் கட்டுவதற்கு முன்னால், ஐ.ஐ.டி.கள் சேர்ந்து இணையவழியில் நடத்தும் என்.பி.டி.இ.எல். வழங்கும் பன்னிரண்டு வாரப் பாடம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். ஐ.ஐ.டி. கரக்பூரின் எத்திக்கல் ஹேக்கிங் பாடம் உங்கள் பின்னணிக்குச் சரியாக வரும். படிப்பது இலவசம்; சான்றிதழ் வேண்டுமானால் 1000 ரூபாய் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். வாராவாரம் வரும் அசைன்மெண்டை இரவு ஷிப்ட் வாரத்திலும் தவறவிடாமல் கொடுக்க முடிகிறதா என்று மூன்று மாதத்தில் தெரிந்துவிடும். முடியவில்லை என்றால் போனது ஆயிரம் ரூபாயோடு போகட்டும்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: கங்கைகொண்டான் ஷிப்ட்

அக்காவுக்கும் அண்ணாச்சிக்கும் மற்ற இருவருக்கும் மிகுந்த நன்றி. மனிதவளப் பிரிவில் இன்று கேட்டுவிட்டேன். பட்டம் என்ற நிபந்தனையைச் சான்றிதழால் ஈடுசெய்ய முடியாது, இணையவழி எம்.சி.ஏ.வை ஏற்றுக்கொள்வார்கள், ஆனால் அனுமதிப் பட்டியலில் அந்தப் படிப்பின் பெயர் இருக்க வேண்டும் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். என்னைத் தினமும் அழைத்துக்கொண்டிருந்த நான்கு பேரிடமும் டெப் அடையாள எண்ணைப் பற்றிக் கேட்டேன். இருவர் விளக்கினார்கள், இருவர் அதன் பிறகு அழைக்கவே இல்லை. அண்ணாச்சி சொன்னபடி வரும் ஜூலையில் என்.பி.டி.இ.எல். பாடத்தை எடுத்துவிட்டு, அதை முடித்தால் ஜனவரிச் சேர்க்கையில் சேர்வதாக வீட்டில் பேசி வைத்திருக்கிறேன். எங்கள் மேலாளரும், அலுவலகத்தில் பழைய சுவிட்ச் ஒன்றை மற்ற நெட்வொர்க்கோடு சேராமல் பயிற்சிக்கென்று தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதையும் மின்னஞ்சலில் கேட்டு வாங்கிவிடுவேன்.

அக்காவிடம் ஒரே ஒரு கேள்வி. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, ஆனால் மின்சாரம் போய் அது மாறும் நொடியில் ஃபைபர் மோடம் அணைந்து எழுகிறது. கேமரா கண்காணிப்போடு நடக்கும் தேர்வில் இதை எப்படிச் சமாளித்தீர்கள்?

பதில் 5
எழுதியவர்: மீனாட்சிபுரம் ஆற்றோரம்

எனக்கும் முதல் தேர்வில் அப்படித்தான் துண்டித்தது, தம்பி. ரவுட்டருக்கென்றே சிறிய யு.பி.எஸ். கடைகளில் கிடைக்கிறது. உங்கள் மோடத்தின் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பார்த்து, அதே அளவு கொடுக்கும் யு.பி.எஸ்.ஸை வாங்குங்கள், பெரும்பாலும் 12 வோல்டாக இருக்கும். அதோடு, வேறொரு நிறுவனத்தின் சிம் போட்ட கைப்பேசியில் ஹாட்ஸ்பாட்டைத் தயாராக வைத்துக்கொண்டு, லேப்டாப் ஒருமுறை அதில் இணைந்திருக்கிறதா என்று தேர்வுக்கு முந்தைய நாளே சோதித்துவிடுங்கள். ஆனால் கைப்பேசி மேசைமேல் இருந்தால் கண்காணிப்பாளர் எச்சரிப்பார். ஹாட்ஸ்பாட்டுக்கான அனுமதியை முன்கூட்டியே கேட்டுவிட்டு, கைப்பேசியைப் பக்கத்து அறையில் வையுங்கள்.